ஈரலும் எலாஸ்டிக்கும்

மார்ச் 4, செவ்வாய்

கட்டைவிரலில் இரண்டு தையல். "எதுல குத்திச்சு பாட்டி?" என்று நர்ஸ் கேட்டாள். கறி அலசும்போது எலும்பு குத்திவிட்டது என்றேன். பக்கத்தில் நின்ற என் மகன், "தூண்டில் முள்ளு. ஏரிக்கரையில புழு கோக்கும்போது" என்று திருத்தினான். காட்டிக்கொடுப்பது அவனுக்குப் புதிதா என்ன? ஆறு வயதில், ஊறுகாய் ஜாடியை உடைத்தது பூனை இல்லை, அம்மாதான் என்று அவன் அப்பாவிடம் போய்ச் சொன்னவன். எனக்கு எதுவும் மறக்காது.

டாக்டர் என் விரல்களை மடக்கிப் பார்த்தார். விறைத்துப்போய்விட்டதாம். தினமும் நாலு வரி எழுதுங்கள், விரலுக்குப் பயிற்சி என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என்னத்தை எழுதுவது? மருமகள் அவள் ஆபீசில் கொடுத்த நோட்டைத் தந்தாள். அட்டையில் ஏதோ கம்பெனி பெயர். உள்ளே நான்.

இதோ நாலு வரிக்கு மேல் ஆகிவிட்டது. வலிக்கிறது.

மார்ச் 5, புதன்

மகன் தீர்ப்பு சொல்லிவிட்டான். இனி ஏரிக்குத் தனியாகப் போகக் கூடாதாம்.

"மீன் வேணும்னா நான் வாங்கிட்டு வரேம்மா."

மீனா எனக்கு வேண்டும்? காலையில் இரண்டு மணி நேரம், யாரும் என்னைப் பார்த்து "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்காத ஒரு இடம் வேண்டும். அதை அவனிடம் சொல்ல முடியுமா? கத்தினேன். அவனும் கத்தினான். கடைசியில் ஒரு பரீட்சை வைத்தான். இந்த மாதக் கடைசி ஞாயிறு, முப்பதாம் தேதி, அவனே கரைக்கு வருவான். அவன் கண் முன்னால் மூன்று தடவை நான் முள்ளில் இரை மாட்டி வீசி, திரும்ப இழுத்துக் காட்ட வேண்டும். விரலில் குத்தக் கூடாது. இரையும் விழக் கூடாது. "ஒண்ணு தப்பினாலும் தூண்டில் பரண் மேல போயிடும்மா. அப்புறம் கேக்கக் கூடாது." அதுவரை போய்ப் பழகலாம், ஆனால் புழு கூடாது.

இருபத்திரண்டு வருஷம் தையல் கூடத்தில் பித்தான் தைத்த விரல் இது. இதற்குப் பரீட்சையாம்.

மார்ச் 9, ஞாயிறு

மாவு உருட்டிக் கொண்டு போனேன். வீசிய வேகத்தில் மாவு ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். மீதி தண்ணீரில் கரைந்தது. நான் ஏரிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துப் படியில் கத்தரிக்கோல்காரி. உறவுப்படி பார்த்தால் என் ஓர்ப்படி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. ஆனால் இந்த நோட்டில் அவளுக்கு அதுதான் பெயர். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, மழை. ஈரக் குடையை நான் வெட்டி வைத்திருந்த துணி மேல் வைத்தாள். சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் நான் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டினாள். அட்டையை! துணிக் கத்தரிக்கோலால்! கூர் போய்விடாதா? கேட்டதற்கு, "கத்தரிக்கோல்னா வெட்டத்தானே?" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது இரண்டு பேரும் வீட்டுக்காரர்களை மேலே அனுப்பி வைத்துவிட்டு ஒரே ஏரியில் இருபது தப்படி தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். பேச வேண்டியதை எல்லாம் நடுவில் நிற்கும் ஏரிக் காவலாளியிடம் பேசுகிறோம்.

இன்றைக்கு அவள் அவரிடம் சொன்னது: "சில பேரு மீனுக்கு அன்னதானம் பண்ணத்தான் வராங்க போல."

நான் அவரிடம் சொன்னது: "சில பேரு வாயைத் தொறந்தா மீனெல்லாம் அடுத்த கரைக்கு ஓடுது."

"நான் அந்தப் பக்கம் ஒரு சுத்து பாத்துட்டு வரேன்மா" என்று காவலாளி போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

கோழி ஈரல். மருமகள் கறி வாங்கினால் ஈரலை யாரும் தொடுவதில்லை, எனக்குத்தான். இந்த ஏரிக் கெளுத்தி மீனுக்கு ஈரல் வாசனை என்றால் உயிர். ஆனால் ஈரல் வழுக்கும். முள்ளில் குத்தினால் வீசும்போது கிழிந்து பறந்துவிடுகிறது. ஒரு துண்டு காவலாளியின் தொப்பியில் விழுந்தது.

அவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கத்தரிக்கோல்காரி சிரித்தாள். சத்தம் வராமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரிப்பாள், எனக்குத் தெரியாதா?

மார்ச் 14, வெள்ளி

ஈரலை முதல் நாளே உப்பில் போட்டு வைத்தேன். கொஞ்சம் கெட்டிப்பட்டது. தையல் நூலால் முள்ளோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். நூல் ஈரலை வெண்ணெய் மாதிரி அறுத்துவிட்டது. அதோடு முடிச்சு! முடிச்சு போட விரல் மடங்க வேண்டுமே. பல்லால் பிடித்து ஒரு கையால் போடலாம் என்று பார்த்தால், ஈரல் நூலைப் பல்லில் கடிப்பதா? பல்செட்டைக் கழற்றி அரை மணி நேரம் கழுவினேன்.

மருமகள் வந்து, "அத்தை, ஃப்ரிட்ஜுல தயிருக்குப் பக்கத்துல இது என்ன டப்பா?" என்றாள்.

மருந்து என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

மகனுடைய ஜோடி இல்லாத சாக்ஸ் ஒன்றைத் துடைக்கும் துணிக்காகப் பிரித்தேன். வாய்ப் பக்கத்தில் இருந்து மெல்லிசாக ஒரு எலாஸ்டிக் இழை வந்தது. இழுக்க இழுக்க வந்து, படக்கென்று சுருண்டு என் விரலைச் சுற்றிக்கொண்டது. கழற்றினால் வரவில்லை. முடிச்சும் இல்லை ஒன்றும் இல்லை, தன்னைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

ஈரலை முள்ளின் வளைவில் வைத்தேன். இழையை இழுத்துப் பிடித்து ஏழெட்டுச் சுற்று. முள்ளின் தண்டில் இரண்டு சுற்று. கடைசியில் இன்னும் கொஞ்சம் இழுத்து, விட்டேன். சுருங்கி உள்ளே போய் நின்றுவிட்டது. ஈரலை அறுக்கவில்லை, அமுக்கிப் பிடிக்கிறது. முள் முனை வெளியே, என் விரல் தூரத்தில். குளியலறை வாளியில் பத்துத் தடவை போட்டு இழுத்தேன். பத்துத் தடவையும் ஈரல் அசையவில்லை.

இத்தனை வருஷம் பித்தானுக்கு முடிச்சு போட்டே காலத்தை ஓட்டியவளுக்கு, முடிச்சே வேண்டாம் என்று சாக்ஸ் சொல்லிக் கொடுக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

சாக்ஸ் தீர்ந்துவிட்டது. ஒரு இரைக்கு ஒரு முழம் போகிறது.

எலாஸ்டிக் வாங்கி வா என்று மகனிடம் சொல்லலாம். எதற்கு என்பான். சொன்னால், "அப்ப உங்களால சும்மா மாட்ட முடியலைதானே" என்று முடிவு கட்டிவிடுவான். வேண்டாம்.

அவனுடைய வீட்டு நிக்கர் ஒன்று கொடியில் காய்ந்தது. நீல இடுப்புப் பட்டை. ஊசியால் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வரிசையாக இழைகள். நாலு எடுத்தால் தெரியாது.

ஆறு எடுத்தேன்.

மார்ச் 22, சனி

வாஷிங் மெஷின்காரர் வந்தார். மருமகள்தான் கூப்பிட்டிருக்கிறாள். "அண்ணே, நாலு நாளா எந்தத் துணியைத் தொவைச்சாலும் இடுப்பு தொளதொளன்னு ஆயிடுதுண்ணே. சாக்ஸ் எல்லாம் கணுக்காலுக்கு எறங்குது."

அவர் மெஷினுக்குள் தலையை விட்டார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கடைசியில் எழுந்து, "தண்ணி சூடு ஜாஸ்திம்மா. எலாஸ்டிக் வெந்துபோச்சு" என்றார்.

நான் அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் உரித்தேன்.

இனி அவனுடைய துணிகளை மருமகள் பச்சைத் தண்ணீரில் கையால் துவைக்கப் போகிறாளாம். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான். என் கம்பளிச் சட்டையைப் பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தவள்தானே இவள்? ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கும் இதே மெஷின்தான்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு கெளுத்தி! முழங்கை நீளம் இருக்கும். ஈரல் அப்படியே இருந்தது, மீன்தான் மாட்டிக்கொண்டது.

கத்தரிக்கோல்காரி அரை மணி நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டினேன். அவள் எழுந்து வந்து குப்பைத் தொட்டியில் எதையோ போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை. இவ்வளவு குப்பை எங்கிருந்து வருகிறது?

மார்ச் 25, செவ்வாய்

அவளும் இன்றைக்கு ஈரல் கொண்டு வந்திருக்கிறாள். திருடி.

மார்ச் 29, சனி

நாளைக்குப் பரீட்சை. மூன்று இரைக்கு மூன்று இழை வெட்டி, தீப்பெட்டியில் சுருட்டி வைத்திருக்கிறேன். கூடுதலாக ஒன்று எடுக்கலாம் என்றால் வீட்டில் இழுத்துப் பிடிக்கிற துணியே பாக்கி இல்லை. பரண் ஏணியை இன்றைக்கே துடைத்து வைத்திருக்கிறான் மகன். நான் தோற்றுப்போவேன் என்று அவ்வளவு நிச்சயமா அவனுக்கு?

மார்ச் 30, ஞாயிறு

எழுத வேண்டியது நிறைய. விரல் போகிற வரைக்கும் எழுதுகிறேன்.

மகன் வந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வீட்டு நிக்கர். அந்த நீல நிக்கர்தான்.

முதல் ஈரல். சுற்றினேன், வீசினேன், இழுத்தேன். இருந்தது. இரண்டாவதும் இருந்தது. "பரவால்லையே!" என்று எழுந்து, முள்ளைக் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தான். நிக்கர் இறங்கிவிட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தான். காவலாளி நல்ல மனுஷன், வானத்தைப் பார்த்தார்.

மகன் இடுப்பைப் பார்த்தான். முள்ளில் சுற்றியிருந்த நீல இழையைப் பார்த்தான்.

"அம்மா... இது என்னோடதா?"

"எது?"

"வாஷிங் மெஷின்காரர் தண்ணி சூடுன்னாரே!"

"அவருக்கு என்னடா தெரியும்?"

அந்தப் பதற்றத்தில் தீப்பெட்டியைத் திறந்தேன். காற்று. மூன்றாவது இழை பறந்து தண்ணீரில் விழுந்தது. நூல் மாதிரி மிதந்து போனது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று தப்பினாலும் பரண் என்று சொல்லியிருக்கிறான். அழுகை வந்தது, வரவிடவில்லை.

அப்போது பக்கத்துப் படியில் இருந்து அவள் குரல், காவலாளியிடம்: "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, பெத்த புள்ளை மானத்தைக் கெடுக்க வேணாம்னு. இதைக் குடுங்க."

ஒரு உருண்டை. புத்தம் புது எலாஸ்டிக் நூல். கடையில் வாங்கியது! என் யுக்தியைத் திருடியவள் நூலைத் திருடவில்லை, கடைக்குப் போய் வாங்கியிருக்கிறாள். எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

ஆனால் உருண்டையை அறுக்க வேண்டுமே. கடித்தேன், பல்செட்டுதான் ஆடியது. "அந்தம்மாவுக்குக் கத்தரிக்கோல் வேணுமாம்" என்று காவலாளி அங்கே குரல் கொடுத்தார். குடுங்க, நான் கொண்டு போறேன் என்று கையை நீட்டினார்.

"என் கத்தரிக்கோலை நான் யார் கையிலயும் குடுக்கறதில்லைங்க" என்றாள். அவளே எழுந்து வந்தாள். இருபது தப்படி. முட்டி வலி அவளுக்கும் இருக்கிறது போல.

வந்து என் முன்னால் குனிந்தாள். "அக்கா, இழுத்துப் பிடிங்க."

பிடித்தேன். வெட்டினாள். ஒரே வெட்டு. நல்ல கூர்மை.

சுற்றி வீசினேன். இழுக்கும் முன்னே தூண்டில் வளைந்தது. பெரிய கெளுத்தி. என் விரல் நழுவுகிறது. "டேய், பிடிடா!" என்று கத்தினேன். அவன் இரண்டு கையாலும் நிக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள்தான் வலையை நீட்டி மீனைத் தூக்கினாள். வாயைத் திறந்து பார்த்தோம். முள்ளில் ஈரல், சுற்றிய சுற்று குலையாமல்.

"மூணும் பாஸ்" என்றான் மகன். "போயிட்டு வாங்கம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சித்தியும் இருக்காங்கள்ல?"

சித்தி. எவ்வளவு பழக்கமாக வருகிறது அவன் வாயில்! இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் இவன் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மறக்க மாட்டேன்.

மார்ச் 31, திங்கள்

மருமகளிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு யோசித்துவிட்டு, "அத்தை, அப்ப அந்தத் தயிர்ப் பக்கத்து மருந்து?" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

காவலாளிக்கு வேலை குறைந்துவிட்டது. "முன்னெல்லாம் நல்லாப் பொழுது போச்சும்மா" என்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எலாஸ்டிக் உருண்டை சிக்குப் பிடிக்கிறது என்று ஓர்ப்படி சொன்னாள். ஒரு சின்ன அட்டையில் சுற்றி வைத்தால் இரண்டு பேருக்கும் சௌகரியம். அட்டை கொண்டு வந்திருக்கிறாள், பிஸ்கட் பெட்டி அட்டை. அவளுடைய கத்தரிக்கோல் வீட்டில்.

"அக்கா, உங்களோடது இருக்கா?"

பரீட்சைக்கு அப்புறம் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதே பழைய துணிக் கத்தரிக்கோல். எதை வெட்டப் போகிறாள் என்று தெரிந்தே கொடுத்தேன். அவள் வெட்டி முடிக்கும்வரை அவள் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் எதுவோ என் தூண்டிலை இழுத்துவிட்டுப் போயிருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். மீன் இல்லை. ஈரல் அப்படியே இருந்தது.