கப் சாசரில் குடிக்காதவளுக்கு

அடியே,

இன்று காலைத் தபாலில் ஒரு புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. நாம் நடித்த அந்த வாராந்தத் தொலைக்காட்சி நாடக வரிசையின் வரலாறாம். நடுப்பக்கத்தில் கப்பும் சாசருமாக நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே என் பெயர். புத்தகம் முழுக்கத் தேடினேன், உன் பெயர் எங்கும் இல்லை. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருடங்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பதுளைக் கடைவீதிக்கே கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது.

வாரம் ஒரு கதை, வாரம் ஒரு புதுக் கூட்டம் நடிகர்கள். செலவு ஒரு தேயிலைக் கம்பெனியுடையது. ஆகவே எந்தக் கதையானாலும் யாராவது ஒருவர் அந்தத் தேயிலையைக் குடித்து, "ஆகா, என்ன மணம்" என்று சொல்லியாக வேண்டும். சாவு வீட்டுக் கதையில்கூடச் சொன்னார்கள். கம்பெனி ஆள் கதைப்பிரதியும் கையுமாக காமிராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், ஞாபகமிருக்கிறதா?

தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்று வந்தபோதுதான் பசறைப் பக்கத்திலிருந்து நம் இருவரையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். நீ தாய், நான் அதே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி. கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய், பூப்போட்ட கப் சாசரில் பால் தேநீர் குடிக்க வேண்டும். நீ அந்த ஆளிடமே கேட்டாய்.

"லயத்துல யாருங்க ஐயா கப்பு சாசர்ல குடிக்கிறா?"

"நாடகந்தானேம்மா," என்றார்.

நீ தலையாட்டினாய். காமிரா ஓடத் தொடங்கியதும் கப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, அலங்காரத்துக்கு வைத்திருந்த தகரக் குவளையில் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத்தை ஊற்றினாய். சீனியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாய். ஒரு மிடறு சாயம், ஒரு நக்கு சீனி. பிறகு நிமிர்ந்து பார்த்து, "நாங்க பறிக்கிற நல்லதெல்லாம் கப்பல்ல போயிருது. எங்களுக்கு மிஞ்சுறது தூசித் தூளுதான்," என்றாய். கம்பெனி ஆளின் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கலையகத்தில் நமக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. ஒளிபரப்புக்கு இரண்டே நாள். வேறு வழியில்லாமல் அப்படியே போட்டார்கள். நம் தோட்டத்துக்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான், கார் பேட்டரியில் ஓடுவது. "அட, நம்ம புள்ள நம்ம மாதிரியே குடிக்குது," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அடுத்த வாரமே உன்னை நீக்கிவிட்டு மறு ஒளிபரப்புக்காக அந்தக் காட்சிகளைத் திரும்ப எடுக்கச் சொன்னது கம்பெனி. தாயாக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ சண்டை பிடிக்கவுமில்லை. "போயிட்டு வா. ஆனா அந்த ஆகாவ மட்டும் சொல்லிராத," என்றாய்.

போனேன். சொன்னேன்.

இன்று எஞ்சியிருப்பது நான் தாயாக நடித்த அந்த ஒளிநாடாதான். உன்னுடையதை அழித்து, அதன்மேல் வேறெதையோ பதிந்துவிட்டார்கள். உன்னைப் பிறகு யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. நீயோ கடைசிவரை என்னை "வாங்க சாசரம்மா" என்று சிரித்துக்கொண்டேதான் வரவேற்றாய். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை.

புத்தகத்தைத் தொகுக்கும் கொழும்புப் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுக்கு ஆதாரம் இல்லையே ஆன்ட்டி. நாடாவும் இல்ல."

"தோட்டமே பாத்துச்சு. நானும் பாத்தேன். எழுதிக்கங்க."

"எழுதினா உங்களுக்குத்தானே அசிங்கம்?"

"இருக்கட்டும். கூப்பிட்டதும் நானாத்தான் போனேன்னும் போடுங்க. இல்லாட்டி என் படத்தையும் பேரையும் எடுத்துருங்க."

"எடுத்தா தோட்டத்து ஆளு ஒருத்தருமே இந்தப் புத்தகத்துல இருக்கமாட்டாங்க ஆன்ட்டி."

"அவள எடுத்தப்பவே நாங்க அதுல இல்லம்மா."

யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தாள். யோசிக்கட்டும். வெளியீட்டு விழா பதுளையில்தான் நடக்கிறது. பேச எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான், அதுவும் இந்த வயதில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் இருப்பார்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும். உன் பெயரையும், உன் இடத்தில் போய் நின்றவள் நான்தான் என்பதையும் சொல்லி முடிக்காமல் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.