பெரியம்மா இல்லையென்ற பால்

அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன், கேள். கம்பைநல்லூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயார் நூர்ஜஹான். கூடவே வந்த அவள் தங்கை ஷகிலா. பெண் பார்க்கக் கூட்டி வந்த தரகர் காதர் பாய். நாற்காலி நுனியில் உன் அத்தா. பாயில் நான். எனக்கு எதிரே உன் அத்தாவின் அண்ணன் பெண்சாதி, உன் பெரியம்மா. அவள் பக்கத்தில் அவள் மகள் மும்தாஜ். பெரியம்மா பேரைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மற்றது எழுத வராது. கதவுக்குப் பின்னால், ஷர்பத் தட்டோடு நீ.

இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பாய். உன் அண்ணன் கோழிக் கூண்டுக்குப் போட ஒரு மூட்டை உமி வாங்கி வந்தான். வாயைப் பிரித்ததும் அந்த வாசனையில் நீ வந்து நின்றாய். பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பையிலும் துப்பட்டாவிலும் இதே வாசம்தான். "உம்மவ அங்க எலி மேய்க்கிறாளாமே" என்று தெருவில் கேட்பார்கள். "ஆமா, உங்களாட்டம் ஆளுங்கள மேய்க்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலைங்க" என்று நீயே பதில் சொல்லிவிட்டு வருவாய்.

நீ பிறந்த வாரம் எனக்குக் காமாலை. கண் மஞ்சள், நகம் மஞ்சள், எழுந்து உட்கார முடியாது. பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் பெரியம்மா அப்போதுதான் மும்தாஜைப் பெற்றிருந்தாள். ஒரு பக்கம் அவளையும் மறு பக்கம் உன்னையும் போட்டுக்கொண்டு கொடுத்தாள். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய். அவள் பிள்ளைகள் உனக்குக் கூடப்பிறந்தவர்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை, சந்தோஷம்தான்.

நீ என் வீட்டு வம்சம். என் அம்மா, என் அக்கா, நான், எல்லோரும் பருத்த உடம்பு. பெரியம்மா வீட்டில் எல்லோரும் முருங்கைக்காய். ஒரே மாரில் குடித்த இரண்டில் மும்தாஜ் ஒல்லியாகவும் நீ உருண்டையாகவும் வளர்ந்தீர்கள். உன் அத்தாவைப் பெற்றவர் எதற்கெடுத்தாலும், "நீ என்னத்த தின்னு பெத்த?" என்று என்னைத்தான் கேட்பார்.

அன்றைக்கு நூர்ஜஹான் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். நீ தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும் கேட்டாள். "பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. ஆனா இந்த ஒடம்பு யாரு வழிங்க? பெரியம்மாகிட்ட பால் குடிச்ச புள்ளன்னு தரகர் சொன்னாரு. அவங்க கொடி மாதிரி இருக்காங்களே?"

கேட்டுக்கொண்டே அவள் கண் மும்தாஜ் மேல் போனது. நான் பார்த்தேன். உன் பெரியம்மாவும் பார்த்தாள்.

"யாரு, நானா?" என்று சிரித்தாள் பெரியம்மா. "நா ஏங்க குடுக்கறேன்? எம்மவளுக்கே பத்தல. அது புட்டிப் பால் குடிச்சு ஊதுன புள்ளைங்க."

உன் அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பெண்சாதியை எதிர்த்து அவர் என்றைக்குப் பேசினார்? எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் உன் வளையல் ஒரு முறை சிணுங்கி அடங்கியது.

அந்த வருஷமே மும்தாஜுக்கும் கம்பைநல்லூர் மாப்பிள்ளைக்கும் நிக்காஹ் நடந்தது.

பெண் பார்த்த அன்றைக்கு, அவர்கள் போன பிறகு, நீ மாப்பிள்ளை போனதற்கு அழவில்லை. "பெரியம்மா என்னை இல்லேன்னுட்டாங்களேம்மா" என்றுதான் அழுதாய். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து எலிக் கதை சொன்னாய்.

"எங்ககிட்ட ரெண்டு வம்சத்து எலி இருக்குதும்மா. ஒண்ணு குண்டாவற வம்சம், ஒண்ணு ஒல்லி. பொறந்த குட்டிய மாத்திப் போடுவோம். சும்மா போட்டா அந்தத் தாய் கடிச்சாலும் கடிச்சுப்புடும். அது படுத்த உமிய அள்ளி குட்டி மேல நல்லா தடவிட்டுத்தான் போடணும். மோந்து பாக்கும். அப்புறம் கவ்விட்டுப் போயி வயித்துக்கடியில வச்சுக்கும்."

"வளந்தா?"

"குண்டு வம்சத்துக் குட்டி ஒல்லித் தாய்கிட்ட வளந்தாலும் குண்டாத்தான் ஆவுது. ஆனா அதுக்கு ரத்தத்துல சர்க்கரை அவ்வளோ ஏறறதில்ல. ஒல்லி வம்சத்துக் குட்டிய குண்டுத் தாய்கிட்ட வளத்து, கொழுப்புத் தீனி போட்டா அதுவும் ஊதிப்போவுது."

"அப்போ மும்தாஜுக்கு நா பால் குடுத்திருந்தா?"

"அவளும் என்னாட்டம் ஆயிருப்பா. கம்பைநல்லூர்க்காரங்க ஷர்பத்த மட்டும் குடிச்சிட்டுப் போயிருப்பாங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ரத்தமும் உண்டு, வளந்த மடியும் உண்டும்மா. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. நம்ம வூட்ல எல்லாருக்கும் சர்க்கரை, எனக்கு இல்ல பாரு. எலிக்கு நடந்தது எனக்கும் நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அது பெரியம்மா பாலுன்னுதான் நா நெனச்சுக்குவேன்."

நினைத்துக்கொண்டது மட்டுமா? பெருநாள் தவறாமல் சேமியா டப்பாவோடு அவள் வீட்டுக்குப் போனாய். நான் தடுத்தால், "குடிச்சது குடிச்சதுதானேம்மா" என்பாய்.

போன மழைக்காலத்தில் பெங்களூரில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் பஸ் ஏறுவதற்குள் உன்னை வண்டியில் கொண்டு வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற ஒருத்தி, "ஒடம்பு அப்படி, தாங்கல" என்றாள். கொசு கடித்து வந்த காய்ச்சலுக்கும் உன் உடம்பைத்தான் சொன்னார்கள்.

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்தபோது உன் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நா பால் குடுத்த புள்ள. எங் கையாலதான் தண்ணி ஊத்தணும்."

"எந்தப் பாலு? புட்டிப் பாலா?" என்றேன். அன்றைக்கு வராத சத்தம் அப்போது வந்தது.

"மையத்துகிட்ட சண்ட வேணாங்கம்மா" என்றாள் குளிப்பாட்ட வந்தவள்.

செம்பை நான்தான் அவளிடம் கொடுத்தேன். அவளுக்காக இல்லை, நீ கொண்டுபோன சேமியா டப்பாக்களுக்காக. அவள் உன் தோளைத் தடவித் தடவித் தண்ணீர் விட்டாள். அழுதுகொண்டே சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள்: "சின்னதுல எப்படிக் குடிக்கும் தெரியுமா இது? மும்தாஜுக்குக்கூட மிச்சம் வைக்காது. அப்படி ஒரு பசி."

அந்த ஒரு வார்த்தைதான், கண்ணு. அதை அன்றைக்கு முன்னறையில் சொல்லியிருந்தால் என்ன? நீ கதவுக்குப் பின்னால்தானே நின்றாய். கேட்டிருப்பாய்.

இன்று மூட்டையிலிருந்து ஒரு கை உமி அள்ளி முகத்தருகே வைத்துப் பார்த்தேன். உன் அண்ணன் மகள், உன்னைப்போலவே உருண்டைக் கன்னக்காரி, "என்ன பண்றீங்க நன்னி?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து, போதும் என்று அவளே சொல்லும் வரை தோசை போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். நான் பார்த்த பார்வையில் போய்விட்டாள்.

தொழுது முடித்ததும் எல்லோருக்கும் துஆ கேட்கிறேன். நூர்ஜஹானுக்குக் கேட்கிறேன், அவள் பிள்ளைக்குப் பெண் தேடி வந்தவள். ஷகிலாவுக்கு, காதர் பாய்க்கு, வாய் திறக்காமலே மண்ணுக்குள் போன உன் அத்தாவுக்கு. மும்தாஜுக்கும்தான், அவள் என்ன செய்தாள் பாவம்? உனக்குக் கேட்கும்போது மட்டும் கை நெடுநேரம் ஏந்தியபடியே இருக்கிறது. ஒரு பேரை அல்லாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நீ மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும். நான் மாட்டேன்.

அந்தப் பேர், ஜெய்னம்பு.