வருங்கால மாப்பிள்ளை அனுப்பிய திகில் நாவல்

சேரப்பணஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தென்றலுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு வழக்கமான கோபம், மற்றபடி இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். கிளாஸ்கோவில் குளிர் எப்படி, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. மாடி அறைகளுக்கு ஆள் வந்துவிட்டது, ஒன்றில் சந்தனமாரி என்று திருநெல்வேலிப் பெண், ஒரகடத்தில் வேலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குகிறாள், அவளுக்காக நான் மிக்சி போடாமல் அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் இரண்டு தடவை, அம்மா அந்தப் புத்தகம் எப்படி என்று கேட்டாய். நீ கேட்பது புத்தகத்தைப் பற்றி இல்லை, அதை அனுப்பிய அந்தோணிராஜைப் பற்றி என்பது எனக்குத் தெரியாதா. கட்டினால் அவரைத்தான் என்று நீ சொல்லிவிட்டாய், கோயில், சர்ச் என்று ஆறு மாதம் குதித்த அப்பாவும் அடங்கிவிட்டார், நான்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நீயே சொல், பெண் கேட்கிறவன் அவள் அம்மாவுக்கு முதன்முதலில் என்ன அனுப்புவான். பழம் அனுப்புவான், புடவை அனுப்புவான். இந்தப் பிள்ளை, புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய அறை உள்ள பங்களாவில் வைக்கிற ஒருவனின் கதையை அனுப்பியிருக்கிறது. முதல் பக்கத்தில், அத்தைக்கு வாசிக்கப் பிடிக்கும் என்று தென்றல் சொன்னாள் என்று எழுதி, போன் நம்பர் வேறு.

படித்தேன். பழைய ஜமீன் கதை ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். அதில் இரும்புச் சாவி, இதில் கைரேகைப் பூட்டு. அதில் குதிரை வண்டி, இதில் தானாக ஓடும் கார். மழை மட்டும் இரண்டிலும் நிற்கவில்லை போலிருக்கிறது. எழுத்தைக் குறை சொல்ல மாட்டேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல்தான் படித்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் புத்தியை என்ன சொல்வது. கல்யாணத்துக்கு முன்னால் வீடு பார்க்கப் போன அன்றைக்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நம்மில் சம்பந்தம் பேசி முடிகிற வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்போமா. தோட்டம், கிணறு, கக்கூஸ் வரை பார்த்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவோம். இவள் ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் மூன்று வகைக் கறி சாப்பிட்டுவிட்டு, அப்புறம் இருநூறு பக்கத்துக்கு அலறுகிறாள்.

உன் அப்பாவிடம் கொடுத்தேன், கம்பெனியில் சேப்டி பார்க்கிறவர் கையில் திகில் கதையைக் கொடுத்தது என் தப்பு. “ஸ்க்ரீன் துணி பக்கத்துல மெழுகுவத்தி வச்சிகினு கீறான், வெளிய போற வழின்னு ஒரு போர்டு கூட இல்ல, இன்னா பங்களா இது” என்று ஒவ்வொரு பக்கமாகத் திட்டினார். பேய் வந்த இடத்தில்கூட, படிக்கட்டில் கைப்பிடி இல்லை என்றுதான் கவலைப்பட்டார். கம்பெனியில் மிஷின் நின்றுபோனால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் மூல காரணத்தைப் பிடிப்பார்களாம், சாப்பிட்டு முடித்ததும் என்னையும் சந்தனமாரியையும் உட்காரவைத்து அதையே இந்தக் கதைக்கும் செய்தார். அவள் ஏன் மாட்டிக்கொண்டாள், அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால். ஏன் தெரியவில்லை, யாரும் கேட்காததால். ஏன் கேட்கவில்லை, அவளுக்கு யாரும் இல்லாததால். ஏன் இல்லை என்றால், இரண்டாம் பக்கத்திலேயே அம்மா அப்பாவை ஆக்சிடெண்டில் கொன்றாயிற்று. “அவுங்கள எதுக்குய்யா கொன்னான்” என்று அப்பா கேட்டதற்கு, “அம்மா இருந்தா கத எப்டி மாமா ஓடும், மொத நாளே வந்து கூட்டிட்டுப் போயிருப்பாள்லா” என்றாள் சந்தனமாரி. எனக்கு அப்போது தூக்கிவாரிப்போட்டது. அந்தோணிராஜ் அங்கே இருக்கிற வீட்டிலும் ஒரு கீழறை பூட்டியே கிடக்கிறது என்று நீ எப்போதோ சொன்னாய் அல்லவா.

கோபப்படாதே, நேற்று மத்தியானம் உன்னிடம் சொல்லாமல் அந்த நம்பருக்கு வீடியோ கால் போட்டேன். பிள்ளை பனியனோடு வந்து, என்னைப் பார்த்ததும் சட்டை தேடி ஓடியது. வீட்டைப் பார்க்கணும் என்றேன். ஹால், சமையல்கட்டு, அலமாரி எல்லாம் காட்டியது, நான் கேட்காமலே பிரிட்ஜையும் திறந்து காட்டியது, அதில் இருந்த சாம்பாரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கீழே என்ன என்றேன். வீட்டுக்காரர் சாமான் என்று சொல்லி, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி வந்து இறங்கியது. பல்பு எரியவில்லை. இருட்டில் உத்தரத்தில் மண்டையை இடித்துக்கொண்டு அது அங்கே அலற, அப்பா இங்கே அலற, தூங்கிக்கொண்டிருந்த சந்தனமாரி விளக்குமாற்றோடு இறங்கி ஓடி வந்தாள். உள்ளே ஒரு பாய்லரும் கால் உடைந்த சோபாவும் இருந்தன. தீயணைக்கும் சிலிண்டர் எங்கே என்று அப்பா கேட்டார், இல்லை என்றதும் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார். சாயங்காலமே ஒன்று வாங்கிப் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பியிருக்கிறது, மண்டையில் பிளாஸ்திரியோடு.

அந்தக் கதையில் வருகிறவனிடம் ஒரு கதவைப் பற்றிக் கேட்டாலே பல்லைக் கடிப்பான். இந்தப் பிள்ளை மண்டை வீங்கிய பிறகும், “வேற ஏதாவது கதவு பாக்கணுமா அத்தை” என்று கேட்டது. அதனால் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அவர் அம்மாவை என்னோடு பேசச் சொல், தை மாதத்துக்குள் நாள் பார்க்கலாம்.

இரண்டு பேரும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. படித்து முடித்த அன்று, அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த இடத்தை நினைத்து நான் அழுதேன். நீ அப்படி உட்காரக் கூடாது. கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் சரி, இங்கே மணி என்ன என்று பார்க்காமல் கூப்பிடு. உன் அம்மா சாகவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சுந்தராம்பாள் பலராமன்