ஐந்தாம் பக்கத்துக் குழந்தை

ஜூன் 4

மதிப்புக்குரிய எழுத்தாளர் ஐயாவுக்கு,

வணக்கம். நான் தையல்காரி. கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதப் பத்திரிகையில் உங்கள் கதையைப் படித்தேன். உள்ளதைச் சொன்னால் கோபம் வரக்கூடாது, கதை சுமார்தான். அப்பாக்காரர் இரண்டாம் பக்கத்தில் சமையல்காரர், நான்காம் பக்கத்தில் டிரைவர். முடிவில் அவசரமாக ஒட்டுப் போட்டிருக்கிறீர்கள். ஏழு வயதுப் பெண் மூன்றாம் பக்கத்தில் காய்ச்சலில் செத்துப்போகிறாள். ஐந்தாம் பக்கத்தில் உள் அறையிலிருந்து, "அம்மா, முதுகுப் பொத்தான் போட்டு விடேன்" என்கிறாள். செத்தவள் எப்படிப் பேசுவாள்?

ஆனால் அந்த வரியில் ஓவென்று அழுதுவிட்டேன். என் மகளும் ஏழு வயதில்தான் போனாள். கடைசியாக நான் தைத்த கவுனில் முதுகுப் பக்கம் ஐந்து பொத்தான். கை எட்டாது. இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரும்பி நிற்பாள். இதை உங்களுக்கு யார் சொன்னது?

இப்படிக்கு,
தையல்காரி

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. யாரும் சொல்லவில்லை அக்கா. முதலில் எழுதியபோது அந்தக் குழந்தை சாகவே இல்லை. கதை ஒன்பது பக்கம் வந்தது. ஐந்துக்கு மேல் இடமில்லை என்றார் பத்திரிகை ஆசிரியர். அவள் செத்தால் நான்கு பக்கம் மிச்சம். அதனால் சாகடித்தேன். அவள் பேச்சையெல்லாம் அடித்தேன். ஒரு வரி மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அடுத்த மாதம் கதைகள் புத்தகமாக வருகின்றன. அதில் திருத்திவிடுகிறேன்.

உங்கள் மகளை நினைத்து எனக்கும் மனசு சரியில்லை.

அன்புடன்,
எழுத்தாளன்

ஜூன் 15

தம்பிக்கு,

இடம் போதவில்லை என்று ஒரு பிள்ளையைச் சாகடிப்பார்களா? நல்ல ஆள் நீங்கள்! போகட்டும். அந்த ஒரு வரியைத் தொடாதீர்கள்.

பைத்தியம் என்று சொன்னாலும் சொல்லுங்கள். கதையைப் படித்த நாளிலிருந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மிஷினை நிறுத்தினால் உள் அறையில் அந்தக் குரல் கேட்கிறது. முதல் நாள் நடுங்கிப்போனேன். இப்போது மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுந்து போய், வெறும் காற்றில் கை வைத்து ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டேன். விரலில் வெதுவெதுப்பாக இருந்தது.

வயதில் மூத்தவள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவளைத் திருத்திவிடாதீர்கள்.

உங்கள்
அக்கா

ஜூலை 20

தம்பிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. புத்தகம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு வாங்கிவந்தேன். கதை கச்சிதமாக இருக்கிறது. அப்பாக்காரர் தொடக்கத்திலிருந்தே டிரைவர். அவள் மூன்றாம் பக்கத்தோடு சரி.

புத்தகம் வந்ததிலிருந்து, பத்து நாளாக, நாலு மணிக்கு மிஷின் ஓய்ந்தால் வீடும் ஓய்ந்துவிடுகிறது. பெற்ற ஒரே பிள்ளையை இரண்டு தடவை பறிகொடுத்துவிட்டேன் தம்பி. உங்கள் மேல் வருத்தம் உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

நன்றாக இருங்கள்.

தையல்காரி

ஜூலை 24

அக்கா,

அந்த வரியைத் தொடாதீர்கள் என்ற உங்கள் கடிதம் வருவதற்குள் புத்தகம் அச்சேறிவிட்டது. அதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். மன்னியுங்கள்.

நான் தனி ஆள். ஒற்றை அறை. புத்தகம் வந்த நாளிலிருந்து, சாயங்காலம் நாலு மணியானால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கவுன் பின்னால் திறந்து கிடக்கிறது. நான் போட்டுவிடக் கையை நீட்டினால் விலகிப் போகிறாள். "என்னம்மா வேணும்? சொல்லு கண்ணு" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். எதிர்ச் சுவரில் இருக்கும் கண்ணாடியில் பார்த்தால் அவள் வாய் அசைகிறது. சத்தம் வருவதில்லை.

அவளுக்கிருந்த ஒரே பேச்சை அடித்தவன் நான்தானே அக்கா.

முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வந்துவிடுங்கள்.

தம்பி