முடிவை முன்னாடியே கேட்டுக்கிட்டேன்

என் தங்கப் பொண்ணுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நல்லபடியா இருக்கோம், நீ அங்கே உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லபடியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு எழுதறேன். எப்பவும் எழுதற வரிதானேன்னு தாண்டிப் போயிடாதே, இந்தத் தடவை நிஜமாவே கேட்கிறேன். உங்க ஸ்டேஷன்ல ஆளாளுக்கு அவங்க வீட்டுக்குப் பிடிச்ச கொலை சீரியல்களை வரிசை போடறாங்க, நம்ம வீட்டு வரிசையையும் அனுப்புன்னு சொன்னே இல்லே, அதுக்குத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன்னு பேரு, இதுக்குள்ள நாலு தடவை எழுந்து போய் அடுப்பை அணைச்சேனான்னு பார்த்துட்டு வந்துட்டேன். நிஜப் போலீஸ்காரங்களுக்கு வேற வேலையே இல்லையான்னு அப்பா கேட்டார், கேட்ட கையோட பேனாவைத் தேடி எடுத்துட்டு வந்தவரும் அவர்தான்.

அவர் வரிசை உனக்குத் தெரியாததா. முதல் இடம் பிணவறை டாக்டரம்மா, ரெண்டாவது கோபக்கார வக்கீல், மூணாவது துறைமுகத்து சீரியல். துறைமுகத்துக்கு ரெண்டாம் இடமே கொடுத்திருப்பாராம், ஆனா கார் துரத்தற சீன்ல அந்த வேகத்துக்குத் திருப்பினா அச்சு முறிஞ்சிருக்கணும்னு மார்க்கைக் குறைச்சிட்டார். மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டவளுக்கு ஒரு கார் சீனை நிம்மதியா பார்க்கக் கொடுத்து வைக்கலை. என் வரிசையிலதான் சண்டை. எனக்குத் துறைமுகத்து சீரியல்னா உசுரு, அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணு தனியா கிடங்குக்குள்ள நுழையறப்ப நான் தலையணையைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு போகாதேடின்னு கத்துவேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பே. இப்ப அதைக் கடைசிக்குத் தள்ளிட்டேன். முதல் இடம் அந்தத் தபால் ஆபீஸ் சீரியலுக்கு. அதுல யாரும் யாரையும் சுடறதில்லை, போலீஸ்காரர் பொழுது சாய்ஞ்சா வீட்டுக்குப் போய் செருப்பைக் கழட்டிட்டு சாப்பிட உட்கார்ந்துடுவார். அது சீரியலே இல்லை, தாலாட்டுன்னு அப்பா கிண்டல் பண்றார். பண்ணட்டும். நீ குற்றப்பிரிவுல சேர்ந்ததிலிருந்து எனக்கு வீட்டுக்குத் திரும்பி வர்ற போலீஸ்தான் நல்ல போலீஸ்.

இன்னொரு கூத்தைக் கேளு. மாடி வீட்டுப் பல் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரார் வாயை எல்லாம் திறந்து பார்க்கிற மனுஷனுக்குத் தன் வாயை மூடத் தெரியாது, எந்த சீரியலையும் நமக்கு முன்னாடி பார்த்துட்டு மாடிப்படியிலேயே முடிவைச் சொல்லிடுவார். கொலைகாரன் தோட்டக்காரன்தான்னு அவர் உளறினதிலிருந்து அப்பா அவர்கூட முகம் கொடுத்துப் பேசறதில்லை. நம்ம வீட்டுச் சட்டம்தான் தெரியுமே, சோத்துல உப்பு இல்லாட்டியும் மன்னிப்பு உண்டு, முடிவைச் சொன்னவனுக்கு மன்னிப்பே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுல இருந்துக்கிட்டு நான் திங்கக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, துறைமுகத்து சீரியல் கடைசி பாகத்துல அந்தப் பொண்ணு உசுரோட இருப்பாளான்னு கேட்டுட்டு வந்தேன். அவரே ஒரு நிமிஷம் மிரண்டு போயிட்டார். தோள்ல காயம்தான், பொழைச்சிடுவான்னு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சாயந்திரம் டிவி முன்னாடி உட்கார்ந்தோம். அவளைச் சுடறாங்க, நான் பாட்டுக்குப் பட்டாணி உரிச்சிக்கிட்டிருக்கேன். தலையணை நாற்காலியில சும்மா கிடக்கு. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியை அணைச்சிட்டார். நீ ஏன் கத்தலைன்னு கேட்டார். எத்தனை வருஷமா துப்பறியறதைப் பார்க்கிற மனுஷன், அவர்கிட்ட என்னத்தை மறைக்கிறது. மாடிக்குப் போனதைச் சொல்லிட்டேன். வீடே இடியப் போகுதுன்னு காதைப் பொத்திக்காத குறையா உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தவே இல்லை. கொஞ்ச நேரம் பட்டாணித் தோலைப் பொறுக்கிக்கிட்டிருந்துட்டு, பொழைச்சிடுவாளான்னு கேட்டார். கேட்டியா, உங்க அப்பா, அவர் வாயால, முடிவைக் கேட்டார். அதுக்கப்புறம்தான் சொல்றார், ஞாயித்துக்கிழமை வீடியோவில பேசறப்ப நம்ம பொண்ணு தலையை விரிச்சுப் போட்டிருந்தாளே, கவனிச்சியான்னு.

கவனிக்காம இருப்பேனா. வீட்டுல ஒரு நிமிஷம் முடியைத் தொங்க விடமாட்டே, கழுத்துல பட்டா எரிச்சலா இருக்குன்னு இழுத்துக் கட்டிப்பே. முடி கட்ட ரெண்டு கை வேணும். வீடியோவில பேசின நேரம் பூராவும் காப்பி கப்பை இடது கையாலேயே தூக்கினே, வலது கை மேசைக்கு மேல வரவே இல்லை. அப்பா பார்த்துட்டார்னு எனக்குத் தெரியாது, நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்த வேண்டாம்னு ரெண்டு பேரும் ஸ்டைலா இருக்கா ஸ்டைலா இருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கோம். போன்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடுவே, டூட்டி இருக்கும்மான்னு வச்சிடுவே. அதான் கடுதாசி. என்னடி ஆச்சு உனக்கு? கத்தியா, விழுந்தியா, எலும்பா, தையலா? வேலையை விடுன்னு நான் சொல்லமாட்டேன், அது உன் ஆசை, அதுல கை வைக்க மாட்டேன். ஆனா எங்களை இப்படி இடைவேளையில உட்கார வச்சிட்டுப் போகாதே. மத்த கதையில எல்லாம் சஸ்பென்ஸ் இருக்கட்டும், உன் கதைக்கு மட்டும் முடிவை முதல்ல சொல்லிடு, நாங்க அப்புறம் ஆரம்பத்திலிருந்து பொறுமையா கேட்டுக்கறோம். அப்பா ரெண்டு நாளா போன் மணி அடிக்குதோன்னு எழுந்து எழுந்து போறார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்குல அவர் பின்னாடியே போறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காயத்துல தண்ணி படாம குளி. கூட வேலை செய்யற பொண்ணு யாராவது இருந்தா வெட்கப்படாம முடியைக் கட்டி விடச் சொல்லு. எங்க ஆயுசையும் சேர்த்து நீ நல்லா இருக்கணும், எந்தக் கிடங்குக்குள்ள போனாலும் முழுசா வெளியே வரணும்.

இப்படிக்கு,
உன் அம்மா, பக்கத்துலேயே நின்னு ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கிற அப்பா

மறந்துடாதே: பதிலை போன்ல தட்டி அனுப்பாதே. காகிதத்துல எழுது, வலது கையால எழுது. ரெண்டு வரி போதும், கோணலா இருந்தாலும் பரவாயில்லை. எழுத்தைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும்.