காலண்டரில் கூடுதலாக ஒரு டிக்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஆறு பதினெட்டுக்கு எங்கள் பள்ளி வேனின் மூன்றாவது வரிசை ஜன்னலில் அடியேனின் நெற்றி மூன்று முறை மோதியது. கண்ணாடிக்குச் சேதம் ஏதுமில்லை. நெற்றியில் சிறு வீக்கம். உள்ளே இருக்கும் சரக்குக்கும் பாதிப்பில்லை. அங்கே சரக்கு எதுவும் கிடையாது என்று வேதியியல் மிஸ் ஏற்கெனவே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

அண்ணா, இதை உங்களுக்கு எழுதக் காரணம் வீக்கம் அல்ல, தைலம். புது டிரைவருக்கு ஜலதோஷம். நீலகிரித் தைலத்தை நெஞ்சு நிறையத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன்சீட்டைப் பார்க்காமலேயே, "குட்மார்னிங்ங்ணா, இன்னைக்கு எத்தனை சொட்டு?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பி, "என்னது?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சரியான தூக்கமும் இல்லை, சரியான விழிப்பும் இல்லை. அதனால்தான் ஜன்னலோடு அந்த மோதல்.

நம் வேனை நீங்கள் ஓட்டிய நாட்களில், உங்கள் தோளில் கிடக்கும் துண்டில் தினமும் மூன்று சொட்டு விடுவீர்கள். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், கண் சொருகாமல் இருக்க என்று சொன்னீர்கள். ஓட்டுகிறவர் தூங்காமல் இருக்கத் தைலம் போட்ட வேனில், ஏறியவர்கள் எல்லோரும் அந்த வாசனையிலேயே தூங்கினோம். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் எனக்குள் கிடந்து உருண்டுகொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இயற்பியல் ரெக்கார்டு நோட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன், எனவே விட்டுவிட்டு வரும்.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். காலை ஏழே காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மாலை பள்ளி முடிந்தால் டியூஷன். டியூஷன் முடிந்தால் வீட்டுப்பாடம். சனிக்கிழமை டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை கோச்சிங். எல்லோரும் நீட், நீட் என்கிறார்கள். எனக்குக் காலை நீட்டினால் போதும் என்றிருக்கிறது. பாடத்தில் கைவைக்க முடியாது, டியூஷனில் கைவைக்க முடியாது. எல்லோரும் கைவைப்பது தூக்கத்தில்தான். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நீங்கள். அதுவும் மேடையில் பேசி அல்ல, ஒரு மளிகைக்கடைக் காலண்டரை வைத்து.

நம் ரூட் ஒரு வட்டம். ஒரு முனையில் எங்கள் கோவில்பாளையம், மறுமுனையில் விளாங்குறிச்சி. எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான். ஆனால் முதலில் ஏறுகிறவன் ஆறு ஐந்துக்குத் தெருவில் நிற்க வேண்டும். கடைசியில் ஏறுகிறவன் ஆறு ஐம்பதுக்கு வந்தால் போதும். முக்கால் மணி நேரம் பாயிலேயே கிடக்கலாம். வேறு வேன்களில் ஒருதரம் முதல் என்றால் வருடம் முழுக்க முதல்தான். நீங்கள் மட்டும் ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றினீர்கள். டாஷ்போர்டுக்கு மேலே காலண்டர், பக்கத்தில் நூலில் கட்டிய சிவப்பு ஸ்கெட்ச் பேனா. டிக் போட்ட வாரம் எங்கள் பக்கம் கடைசி. டிக் இல்லாத வாரம் விளாங்குறிச்சி கடைசி. ஞாயிறு சாயங்காலம் குரூப்பில் உங்கள் குரல் வரும்: "வணக்கமுங்க, நாளைக்கு விளாங்குறிச்சி முதலுங்க, கொஞ்சம் நேரத்துல எந்திரிச்சுக்குங்க." நாங்கள் அதற்குத் தூக்க வாரம், துக்க வாரம் என்று பெயர் வைத்திருந்தோம். பெயர் வைத்தது நான்தான், காப்புரிமை கேட்கவில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். லாரியில் இரண்டு டிரைவர்கள் போவீர்களாம். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க. நேரம் வந்ததும் மாற வேண்டும். ஒரு தடவை கூட வந்தவர் உங்களை எழுப்பாமல் தானே ஓட்டினாராம்; இன்னொரு தடவை தன் முறை வந்தும் எழுந்திருக்காமல் ஏமாற்றினாராம். முதலாவதை விட்டுவிட்டீர்கள். இரண்டாவதற்கு அவரோடு போவதையே நிறுத்திவிட்டீர்கள். கதை அவ்வளவுதான். நான் அதில் ஒரு ஜோக் கண்டுபிடித்துச் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

ஞாபகம் இருக்கிற ஒன்று, ரயில்வே கேட். வேன் நின்றிருந்தது, எல்லோரும் வாய் பிளந்து தூக்கம். நான் எழுந்து, வாத்தியார் குரலில், ஸ்கூல் வந்துருச்சு, இறங்கு இறங்கு என்று கத்தினேன். ஒன்பது பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்கள். ஒருவன் தண்டவாளத்தைப் பார்த்து, ஸ்கூலை எப்ப இடிச்சாங்க என்று கேட்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க தம்பி, உங்கட வெளையாட்டையெல்லாம் என்றகிட்ட வெச்சுக்குங்க. தூங்கறவங்ககிட்ட வேண்டாமுங்க."

பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கும் 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் நம்முடையது. அதனால் திட்டு உறைக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. எனக்கு ஒரு வருடம் ஆனது.

இனி, விஷயம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்களுக்குத் தூக்க வாரம். பிறகு ஒரு வாரம் லீவு. லீவு முடிந்தால் டிக் இல்லாத வாரம், விளாங்குறிச்சியின் முறை. விளாங்குறிச்சி என்றால் முக்கியமாக ஹர்ஷினி. பத்தாம் வகுப்பு, அந்த முனையின் கடைசி வீடு. எனக்கோ லீவுக்குக் கொடுத்த வேலை முழுக்கப் பாக்கி, இரண்டு ரெக்கார்டு நோட்டு பாக்கி, திருப்புதல் தேர்வு வேறு வருகிறது. லீவு விட்ட அன்று சாயங்காலம் டீசல் போட நீங்கள் பங்க்கில் இறங்கினீர்கள். நான் முன்சீட்டுக்குத் தாவினேன். அதே சிவப்புப் பேனா. லீவுக்கு அடுத்த வாரத்தில் ஒரு டிக். உங்கள் டிக்கின் வால் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதையும் கவனித்து இழுத்தேன். பரீட்சையில் வரையும் படங்களில்கூட நான் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

நடுவில் வந்த லீவு வாரத்தை ஒரு முறையாக எண்ணுவதா கூடாதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காலண்டர் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். அந்த வாரம் ஓடிவிட்டது. ஆனால் அதற்கடுத்த வாரத்தில் நீங்களே போட்ட நிஜமான டிக் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை இறக்கிவிடும்போது காலண்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தீர்கள்.

"இந்த வாரமும் உங்க பக்கந்தான் கடைசி, வர்ற வாரமும் டிக் இருக்குதுங்களே. எங்கியோ தப்பாட்டத் தெரியுது."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆமாங்ணா, தப்புதான் என்று சொன்னால் போதும், அந்த டிக்கை அடித்துவிட்டுச் சரிசெய்திருப்பீர்கள். டிக் போட்டது யார் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"இல்லைங்ணா. தீபாவளி லீவுல எங்களுக்கு ஒரு வாரம் கொறஞ்சுபோச்சு, அத ஈடு பண்றேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நானா? சொல்லிப்போட்டனா?"

"சொன்னீங்க. நாங்கூட தேங்ஸ் சொன்னேன்."

"அப்படீங்களா. வயசாகுது பாருங்க, மறந்துபோட்டேன்."

உங்களுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்புக்குக் கணிதத் திருப்புதல். ஹர்ஷினிக்கு அது தொடர்ந்து மூன்றாவது துக்க வாரம். பரீட்சை ஹாலில் முதல் இரண்டு கணக்கைப் போட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்திருக்கிறாள். கண்ணை மூடி யோசிக்கிறாள் என்று கண்காணிப்பாளர் நினைத்திருக்கிறார். எழுந்தபோது முக்கால் மணி நேரம்தான் மிச்சம். மறுநாள் ஆறு ஐந்துக்கு வேன் போய் நின்றபோது அவளோடு அவள் அம்மாவும் நின்றாராம். பேச்சு முடியவில்லை என்பதால் அவரும் வேனில் ஏறிப் பள்ளி வரைக்கும் வந்தார். கடைசியாக ஏறிய நான் பார்த்தது அந்த மிச்சத்தைத்தான்.

அந்த அம்மா கத்தவில்லை. மூணு வாரமா என்ற புள்ளையவே முதல்ல ஏத்தறீங்களே, கேக்க ஆளில்லைன்னா என்று ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். நீங்கள் காலண்டரை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு நடுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயையும் கொஞ்சம் திறந்து வைத்தேன், நிஜம்போல இருக்கட்டும் என்று.

"என்ற தப்புதானுங்க அம்மணி. கணக்குல கோட்டை உட்டுப்போட்டேன். புள்ள பரீட்சைய கெடுத்துப்போட்டேன், மன்னிச்சுக்குங்க."

பள்ளியில் விசாரித்தார்கள். வண்டியைத் திருப்பித் திருப்பிச் சுற்றச் சொன்னது யார் என்று ஆபீசில் கேட்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து உங்களை எல்.கே.ஜி. வேனுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளமும் குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். ரூட்டை நிரந்தரமாக்கினார்கள். புகார் கொடுத்த பக்கம் என்றைக்கும் கடைசி, எங்கள் பக்கம் என்றைக்கும் முதல். ஆக, அன்றிலிருந்து தினமும் ஆறு ஐந்துக்குத் தெருவில் நிற்கிறேன். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அது எனக்கு யாரும் கொடுத்த தண்டனை இல்லையே.

மார்ச்சில் உங்களை பேக்கரியில் பார்த்தேன். டியூஷன் முடிந்து வந்தேன், நீங்கள் டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு நின்றீர்கள். கூப்பிட்டு எனக்கும் ஒரு பன் சொன்னீர்கள். சின்னப் பிள்ளைகள் வேனில் தூங்குவதே இல்லை, ஒரே சத்தம், உங்களாட்ட ஒரு செட்டு வராது என்று சிரித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"இப்ப யாருங்க முதல்ல ஏர்றது?"

"நான்தாங்ணா."

"அட சாமி. நல்லாத் தூங்கறீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது. அதில் நான் சொல்லியிருக்க வேண்டியதை வைத்திருக்கலாம். பன் வாயில் இருந்தது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். பிளஸ் டூ வரப்போகுதுங்ணா, அதுல தூக்கந்தான் மைனஸ் என்றேன். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். மே மாதம் ஒரு சனிக்கிழமை குரூப்பில் செய்தி வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போவதற்குள்ளேயே என்று. சர்ச்சில் அடக்கப் பூசைக்கு வேன் பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள். நான் வரவில்லை. கோச்சிங்கில் டெஸ்ட் என்று வீட்டில் சொன்னேன். டெஸ்ட் இருந்தது உண்மை. காரணம் அது இல்லை.

இன்று தைலம் மூக்கில் ஏறிய பிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு ஐம்பதுக்கு ஹர்ஷினி ஏறினாள். இப்போது பிளஸ் ஒன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பங்க், பேனா, வால் நீண்ட டிக், நீங்கதானுங்க சொன்னீங்க என்றது வரைக்கும். நடுவில் ஒரு ஜோக்குக்கு இடம் வந்தது. விட்டுவிட்டேன்.

அவள் மடியிலிருந்த பையை இறக்கிக் காலடியில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்கம்மா அவரைப் பேசுனப்பவே சொல்லியிருக்கலாமுங்க. இப்ப எங்கம்மா யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறது?"

அவள் அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். கோச்சிங் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. சரி என்றேன். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கும் போக வேண்டும். உங்கள் வீட்டுக்காரம்மா, அந்த அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. இதை ஹர்ஷினியிடமும் சொல்லவில்லை. வகுப்பில் என் நண்பர்களுக்கு மட்டும் இந்தக் கதை தெரியும், வேறு மாதிரி. ஒற்றை டிக்கில் டிரைவரை ஏமாற்றி இரண்டு வாரம் ராஜாவாகத் தூங்கினவன் நான். ஆள் சேரச் சேரத் தூக்கத்தின் நீளம் கூடும். போன மாதம் சொன்னபோது குறட்டையெல்லாம் சேர்த்துவிட்டேன்.

பொய்ங்ணா. அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள்கூட நான் தூங்கவில்லை. ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிடும். ஆறு ஐந்து ஆனதும், இந்நேரம் அவள் ஏறியிருப்பாள், நீங்கள் காலண்டரைப் பார்த்திருப்பீர்கள் என்று தோன்றும். போர்வைக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமும் அப்படியே கிடந்தேன். திருடிய நேரத்தில் படிக்கவாவது செய்தேனா என்றால் அதுவும் இல்லை. அம்மா எழுப்ப வரும்போது மட்டும் தூங்குகிறவன்போல நடித்தேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே படுத்திருக்கிறேன்.