இரண்டாவது சொல்

அன்புள்ள ரேடியோவுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். மன்னித்துக்கொள். போனில் என்றால் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். படிக்கிற காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் இது. இப்போது நேரமில்லை என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள், பரீட்சை முடிந்ததும் படி.

நலம்தானே? பயிற்சிக்குப் போன இடத்தில் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னாயாம். கழுத்தில் அட்டை தொங்க நீ நிற்கும் படத்தை அவர் வார்டில் எல்லாருக்கும் காட்டினார். அட்டையில் "பேச்சுப் பயிற்சி" என்று இருந்தது. "பேசறதுக்கு இவளுக்குப் பயிற்சி வேறயா? நிறுத்தறதுக்கு ஏதாச்சும் பயிற்சி இருந்தா அதுக்கு அனுப்புங்க" என்றார் ஆயாம்மா. வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அந்தப் படத்தை என் போனுக்கு வாங்கி, இரண்டு விரலால் விரித்து விரித்து அந்த அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு போனவர்களைப் பேச வைக்கக் கற்றுத்தரும் அந்தப் படிப்புக்குப் பெரிய சிஸ்டர் முதலில் கேட்டது என்னைத்தான், உனக்குத் தெரியும். அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கே போவது? முடியாது என்று தலையை ஆட்டினேன். நீ பெட்டியைக் கட்டினாய். உன் மேல் தப்பில்லை. ஆனால் என் தலைதான் ஆடியது, மனசு ஆடவில்லை.

வார்டில் எல்லாம் பழையபடிதான். ஜன்னலோரக் கட்டிலின் சக்கரம் இன்னும் கிறீச்சென்று கத்துகிறது. மருந்து வண்டியின் பூட்டு மாற்றிவிட்டார்கள், புதுச் சாவியும் மாட்டிக்கொள்கிறது. வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ரேடியோ சிஸ்டர் எங்க?" என்பதுதான். அதைக் கேட்பதற்காகத்தான் நான் இருப்பதே அவர்கள் கண்ணில் படுகிறது. ஒரு பெரியவர் நான் ஊசி போட்டு முடித்ததும், "அந்தப் பொண்ணு போட்டா வலிக்காதும்மா" என்று பெருமூச்சு விட்டார். ஊசி அதே ஊசி. என் கை உன் கையை விட நிதானம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். குத்துவதற்கு முன் நான் எதுவும் பேசவில்லை, அது ஒன்றுதான் குறை.

புதன்கிழமைக் கூட்டத்தை இப்போது என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய மருந்துக் கிடங்கில் அதே வட்டமாக நாற்காலிகள், பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்கள், அவர்களைக் கூட்டி வருகிறவர்கள். நடுவில் நான், நாக்கு ஒட்டிக்கொண்டு. பஸ் ஓட்டுநர் தவறாமல் வருகிறார். பேச்செல்லாம் போய் அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்லான அந்தக் கெட்ட வார்த்தைக்கு இன்னும் துணை கிடைக்கவில்லை. வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். முதல் வாரம் அவர் என்னைப் பார்த்து அதைச் சொன்னதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கியான்னு கேக்கறாரும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நீ இருந்திருந்தால் அதே வார்த்தையை அவருக்குத் திருப்பிச் சொல்லி வட்டத்தையே சிரிக்க வைத்திருப்பாய். உன் ஜோக் ஒன்றை நான் சொல்லிப் பார்த்தேன். மழை ஓய்ந்த மாதிரி இருந்தது அறை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை.

பக்கவாதம் வந்த அம்மாவை நம் வார்டிலேயே சேர்த்தபோது, சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்று பெரிய சிஸ்டர் அந்தக் கட்டிலை உன் பொறுப்பில் விட்டார். "உனக்குக் கை நடுங்கும்டி, உன் நல்லதுக்குத்தான்" என்றார். சரியான விதிதான். அதனால் நான் எதிர் வரிசையில் யார் யாருக்கோ மாத்திரை கொடுத்துக்கொண்டே, என் அம்மாவுக்கு நீ வாய் துடைப்பதைப் பார்த்தேன்.

பேச்செல்லாம் போய் அவளுக்கு மிஞ்சியது "போதும்" என்ற ஒரு சொல். தாகம் என்றாலும் போதும், வலித்தாலும் போதும், சின்ன டாக்டர் பெயர் கேட்டாலும் போதும். எனக்கு அது புதிதில்லை. வீட்டில் அவள் அதிகம் சொன்ன சொல்லே அதுதான். அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைக்கப் போனால் போதும். புதுத் துணி எடுக்கலாம் என்றால், இருக்கிறது போதும். எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அந்த வருஷங்கள் எல்லாம் அவளுடைய அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஓடின. இது எல்லாம் தெரிந்திருந்தும், இடைவேளையில் போய் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்து, அவள் என்னைப் பார்த்துப் "போதும்" என்றபோது, எழுந்து போ என்று சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது. எழுந்து போனேன்.

நீ போகவில்லை. அவள் சொன்னதைப் பந்து மாதிரி பிடித்துத் திருப்பி எறிந்தாய். "எது போதும் அத்தை? மருந்தா, என் வாயா?" என்றாய். அம்மா கோணின வாயோடு சிரித்தாள். நோய்க்குப் பிறகு அவளுடைய முதல் சிரிப்பு. மகள் சந்தோஷப்பட வேண்டிய இடம். என் நெஞ்சில் முதலில் உறைத்தது, அது உனக்குக் கிடைத்த சிரிப்பு என்பதுதான். "ஒரு பையனைப் பெத்திருந்தா நானே மருமகளா வந்திருப்பேன், இந்த ஊமையைப் பெத்து வச்சிருக்கீங்களே" என்று என் பக்கம் கையைக் காட்டுவாய். அவள் அதற்கும் சிரிப்பாள்.

அப்புறம் அந்தத் துண்டு. அவளுடைய வலது கையை அசைக்க வைக்க எல்லாரும் பந்து கொடுத்தோம், கயிறு கொடுத்தோம், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையில் மேசை போட்டு ஊர்த் துணியெல்லாம் தேய்த்தவள் அவள் என்பதை நீ ஆயாம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். மடித்த துண்டை அவள் கைக்குக் கீழே வைத்து, "என் யூனிஃபார்ம் கசங்கிக் கெடக்கு அத்தை, அப்படியே ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க" என்று உன் மாற்று யூனிஃபார்மை அவள் மடியில் விரித்தாய். கை நகர்ந்தது. போர்வையின் மடிப்பு வரைக்கும் போய்த் திரும்பியது. அந்தத் தேய்ப்புப் பெட்டியின் சூட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

உன் மேல் எனக்குப் பொறாமை. இதோ எழுதிவிட்டேன், நீ குறுக்கே எதுவும் சொல்ல முடியாது.

இந்த மாதம் புதிதாக வந்த உதவியாளர்களுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். நிமிர்த்தி உட்கார வைக்கணும், தாடையைக் கீழே இறக்கச் சொல்லணும், விழுங்கின பிறகுதான் அடுத்த கரண்டி. இதெல்லாம் பயிற்சிப் பொம்மையிடம் எனக்கு நன்றாகவே வருகிறது, பொம்மையிடம் எனக்குக் கூச்சமில்லை. பிறகு நீ ஆரம்பித்து வைத்த மாதிரி, ஒருவர் கண்ணைக் கட்டி இன்னொருவர் ஊட்டும் பாடம். ஆள் குறைந்ததால் நானே உட்கார்ந்தேன். எனக்கு ஊட்டிய பெண் என்னைப் போலவே அமைதியானவள். ரேடியோ, இருட்டில் இருந்து சத்தமில்லாமல் ஒரு கரண்டி உதட்டில் வந்து இடிப்பது எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா? நல்லதுதான் வருகிறது என்று தெரிந்தும் எனக்கு வாய் இறுகிக்கொண்டது. கட்டை அவிழ்த்ததும் அந்தப் பெண்ணிடம், "ஏதாச்சும் பேசிக்கிட்டே குடுக்கணும்மா" என்று டீச்சர் மாதிரி சொன்னேன். வீட்டில் அம்மாவுக்கு நான் ஊட்டுவது அந்தப் பெண்ணை விட அமைதியாக.

அன்று சாயங்காலம் பேசிக்கொண்டே ஊட்டிப் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை வாசித்தேன். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வரி. அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். "போதும்" என்றாள். அந்த ஒரு தடவை அவள் அர்த்தம் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது.

இப்போது போன புதன்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது, அம்மாவும் வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நடையில் யாரோ செருப்பைத் தட்டித் தட்டிப் போனார்கள், நீ நடப்பது போல. அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். உதட்டைக் குவித்தாள், விட்டாள், மறுபடி குவித்தாள். பிறகு சத்தமாக, "ரேயோ" என்றாள்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெரிய சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார். பஸ் ஓட்டுநர் சந்தோஷத்தில் தன் வார்த்தையை நாலு தடவை சொன்னார், அவர் மனைவி கைதட்டினார். நானும் கைதட்டினேன். தட்டி முடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன். ஆயாம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏற்கனவே பளபளன்னுதானே இருக்கு" என்றார்.

மாதக் கணக்கில் காத்திருந்த இரண்டாவது சொல், உன் பேர். அதுவும் எவ்வளவு கஷ்டமான பேர். 'ரே' சொல்ல நாக்கு மேலே போய் அதிர வேண்டும் என்று நீ அங்கே படித்திருப்பாய். உன்னை அழைக்க அவள் அந்த மேட்டிலும் ஏறியிருக்கிறாள்.

ஏன் உன் பேர் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். நீ வரும்போதே "ரேடியோ வந்தாச்சு" என்பாய். ஊட்டும்போது "ரேடியோ இப்ப செய்தி வாசிக்குது" என்பாய். போகும்போது "ரேடியோ கெளம்புது அத்தை" என்பாய். உன் பேரை நீயே அவள் காதில் ஊற்றிவிட்டாய். நான் என் பேரைச் சொல்லச் சொன்னால் அது பரீட்சையாகிவிடுகிறது. "சொல்லும்மா, சொல்லு பார்ப்போம்" என்று அவள் முகத்துக்கு நேரே குனிகிறேன். அவள் சுவரைப் பார்க்கிறாள். "நீ கேள்வித்தாள் மாதிரி நிக்கிற" என்றார் பெரிய சிஸ்டர். சரிதான்.

அடுத்த மாதம் உனக்கு லீவு என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர முடியுமா? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இல்லை, இது பாதிதான். மீதியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வருகைப் பதிவில் இருக்கும் என் பேரை அம்மா ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் 'எலி'. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பேனாம், அதனால் வந்தது. அப்பா இல்லை, எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தப் பேரைச் சொல்ல இருந்தது ஒரே வாய். அவள் விழுந்த நாளிலிருந்து அந்தப் பேர் இந்த வீட்டில் யார் காதிலும் விழவில்லை. உன்னைப் போலச் செய்யலாம் என்று ஒரு நாள் வாசலில் நின்று "எலி வந்தாச்சு" என்று நானே சத்தமாகச் சொன்னேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, "எங்கே, எங்கே?" என்று துடைப்பத்தோடு ஓடி வந்தார். அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

நீ வந்தால் உன் பேரைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக என் பேரைச் சொல். எலி தண்ணி கொண்டு வருது அத்தை, எலிக்கு இன்னைக்கு வார்டுல திட்டு விழுந்துச்சு அத்தை, இப்படி ஏதாவது, உனக்கா சொல்லத் தெரியாது? நீ சொன்னால் அவளுக்கு ஒட்டிக்கொள்கிறது. சுலபமான பேர்தான், உதடு குவிக்க வேண்டாம், வாயைத் திறந்தால் பாதி வந்துவிடும். வார்டில் மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே, ஆயாம்மா என்னை விடவே மாட்டார்.

உன் பரீட்சை நல்லபடியாக முடியட்டும். அந்த அட்டை உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நீ அம்மாவோடு உட்கார். அவள் என் பேரை உன்னைப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை. நான் அடுப்படியில் இருப்பேன், அங்கிருந்தே எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
எலி